அகலத்துக்கு ஆசைப்படும் மரம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. 1934-இல் தொடங்கியது. உறுப்பினர் எண்ணிக்கை இன்று 9,000-ஐத் தாண்டிவிட்டது. தலைவர், துணைத் தலைவர்கள், சாதாரண உறுப்பினர்கள் எல்லாருமே மரங்கள். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அனுமதி உண்டு. சந்தா, ஆண்டுக்கு இருபத்தைந்து ஓக் கொட்டைகள். லஃபாயெட் நகரக் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்த எட்வின் லூயிஸ் ஸ்டீஃபன்ஸ் என்பவர் பாதி விளையாட்டாகவும் பாதி கவலையோடும் ஆரம்பித்த 'லைவ் ஓக் சங்கம்' இது.

சங்கத்தின் விதிகளில் ஒன்று, வெள்ளையடித்துக்கொள்ளும் உறுப்பினரை நீக்கச் சொல்கிறது. நம்மூர் நெடுஞ்சாலைப் புளியமரங்கள் மனுப் போட்டால் ஒன்றுகூடத் தேறாது.

சேர்வதற்கு வயதுச் சான்று தேவையில்லை. உயரத்தையும் கேட்பதில்லை. நெஞ்சுயரத்தில் அளந்தால் அடிமரத்தின் சுற்றளவு 8 அடி இருக்க வேண்டும். 16 அடி இருந்தால் நூற்றாண்டு கண்டவர்கள் வரிசையில் இடம். முதல் தலைவராக இருந்த மரம், காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனதால் 1968-இல் பட்டுப்போனது. இப்போதைய தலைவர் பான்சர்ட்ரெய்ன் ஏரியின் வடகரையில் நிற்கும் 'ஏழு சகோதரிகள்'. அதன் அடிமரச் சுற்றளவு 38 அடிக்கு மேல். ஏழெட்டுப் பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

சங்கம் சுற்றளவை மட்டும் அளப்பதில் நியாயம் இருக்கிறது. லைவ் ஓக் உயரத்தால் மிரட்டும் மரம் அல்ல. நன்றாக வளர்ந்ததே 50, 60 அடியோடு நின்றுவிடும். பக்கவாட்டில்தான் அதற்கு அடங்காத ஆசை. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிய ஜான்ஸ் தீவில் 'ஏஞ்சல் ஓக்' என்று ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 65 அடி. நிழல் விழும் பரப்போ 17,000 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஏழு கிரவுண்டு. கீழ்க்கிளைகள் பாரம் தாங்காமல் தரையில் படுத்து, கொஞ்ச தூரம் மண்ணோடு போய், மறுபடி எழுந்து நிற்கின்றன. வயது 300 என்பவரும் உண்டு, 500 என்பவரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

வீட்டுக்கு முன்னால் நிழலுக்காக இந்த மரத்தை நடுகிறவர்கள் படும் அவதியெல்லாம் பக்கவாட்டில் படரும் இந்த ஒரு குணத்தை மறப்பதில்தான் தொடங்குகிறது.

அப்படி நடுகிறவர்களில் தமிழர்களும் நிறைய. டெக்சாஸின் ஹூஸ்டனைச் சுற்றிய சுகர் லேண்ட், கேட்டி, மீனாட்சி கோயில் இருக்கும் பியர்லேண்ட் போன்ற புறநகர்களில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு வாசலில் தயாராக நின்று வரவேற்பது பெரும்பாலும் லைவ் ஓக் கன்றுதான். பல குடியிருப்புகளில் முன்முற்றத்தில் இரண்டு நிழல் மரங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தின் விதி சொல்லும். வீடு கட்டிக்கொடுப்பவர், விலையும் கட்டுப்படியாகி எளிதில் பட்டும் போகாத மரமாகப் பார்த்து இரண்டை நட்டுவிட்டுப் போய்விடுவார். மிச்சக் கதை வீட்டுக்காரர் தலையில்.

ஓக் என்றதும் நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. இந்தியாவின் அசல் ஓக் மரங்கள் இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் இருக்கின்றன. தென்னிந்தியாவில் இயற்கையாக ஓக் கிடையாது. லைவ் ஓக்கின் சொந்த மண், வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலையில் தொடங்கி ஃப்ளோரிடாவைச் சுற்றிக்கொண்டு டெக்சாஸ்வரை நீளும் கடற்கரை. உப்புக் காற்றும் புழுக்கமும் மணலும் களிமண்ணும் அதற்குப் பழக்கம்.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மாக்களுக்கு இந்த மரத்தின் ஒரு வழக்கம் சட்டென்று பிடிபட்டுவிடும். மற்ற ஓக் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும்போது லைவ் ஓக் பச்சையாகவே இருக்கும். பிப்ரவரி கடைசியில் திடீரென்று பழைய இலையைக் கொட்டத் தொடங்கி, கொட்டி முடிப்பதற்குள் கொழுந்தும் விட்டுவிடும். புதிதாகக் குடிவந்த பிள்ளை பதறிப்போய் மரத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆள் தேடிக்கொண்டிருப்பான். "மாசி பங்குனியில நம்ம வேப்பமரம் கொட்டாதாடா? பேசாம கூட்டித் தள்ளு" என்று அம்மா சொல்லிவிடுவார். அம்மா சொல்வதுதான் சரி. கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கொழுந்தோடு சரம்சரமாகப் பூவும் வரும். அதன் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கார் கண்ணாடியிலும் சன்னல் விளிம்பிலும் படியும். தும்மல்காரர்களுக்கு அந்த மூன்று நான்கு வாரம் திண்டாட்டம். கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொள்வதும் அதே பருவத்தில்தான்.

வளைந்த கிளையின் வரலாறு

அலங்கார மரமாவதற்கு முன் இது போர் மரம். மரக்கப்பலின் விலாச்சட்டங்களுக்கும் முழங்கால் முட்டுகளுக்கும் நேரான கட்டையை அறுத்து வளைத்தால் பலம் போதாது. இயற்கையாகவே வளைந்த கட்டை வேண்டும். காட்டு நெருக்கடியில் வளர்ந்த மரம் ஒளியைத் தேடி நேராக ஏறும், வளைவு கிடைக்காது. வெட்டவெளியில், நாலா பக்கமும் வெயில் வாங்கி வளர்ந்த லைவ் ஓக்கின் கிளைகளில்தான் அந்த வளைவுகள் கிடைத்தன. அகலமாகப் படரும் குணமே அதன் தலைக்குக் கோடரியைக் கொண்டுவந்தது.

கட்டையும் சாமானியமானதல்ல. நன்றாகக் காய்ந்த பிறகும் கன அடிக்குச் சுமார் 60 பவுண்டு எடை. பச்சைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். 1797-இல் பாஸ்டனில் நீரில் இறங்கிய 'கான்ஸ்டிட்யூஷன்' போர்க்கப்பலின் எலும்புக்கூடு, ஜார்ஜியா மாநிலத்தின் செயின்ட் சைமன்ஸ் தீவில் வெட்டிய லைவ் ஓக்கால் ஆனது. 1812-இல் பிரிட்டனின் 'கெரியர்' கப்பலோடு மோதியபோது பீரங்கிக் குண்டுகள் அதன் பக்கவாட்டில் பட்டுத் தெறித்து விழுந்தன. 'இரும்புப் பக்கங்கள்' என்ற செல்லப்பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. மரம் தீர்ந்துபோகுமோ என்ற பயத்தில் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1828-இல் ஃப்ளோரிடாவில் கடற்படைக்கென்றே ஒரு லைவ் ஓக் தோப்பை ஒதுக்க உத்தரவிட்டார். நிழலுக்காக அல்ல, போருக்காக நடந்த வனப் பாதுகாப்பு.

1862-இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கழிமுகத்தில் இரும்புக்கவசம் பூண்ட இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. மரக்கப்பல்களின் காலம் அதோடு முடிந்ததென்றே சொல்லலாம். அதே ஹாம்ப்டனில், அதற்கு ஒரு வருடம் முன்பு, மேரி பீக் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு லைவ் ஓக்கின் அடியில் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியிருந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்தவர்களின் பிள்ளைகள் அங்கே எழுத்துக் கற்றார்கள். வர்ஜீனியாவில் அவர்களுக்குக் கல்வி கொடுப்பது சட்டப்படி குற்றமாக இருந்த காலம். 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை ஊரார் கூடிக் கேட்டதும் அந்த மரத்தடியில்தான். ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. படர்வின் குறுக்களவு நூறு அடிக்குச் சற்றே குறைவு.

சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படமெடுப்பது வேறோர் இடத்தில். லூசியானாவின் வாஷெரி என்ற ஊரில் 'ஓக் ஆலி' பண்ணை. ஆற்றங்கரையிலிருந்து மாளிகைவரை 800 அடி நீளத்துக்கு இரண்டு வரிசையாக 28 மரங்கள், மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பந்தல் போட்டிருக்கின்றன. மாளிகை 1830-களின் கடைசியில் எழுந்தது. மரங்களுக்கு அதைவிட நூறு வயது அதிகம் என்பார்கள். அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த அந்த்வான் என்ற தோட்டக்காரர்தான் 1840-களில் பீக்கான் கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி வெற்றி கண்டவர். அமெரிக்கத் தோட்டக்கலை வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. குடும்பப் பெயர் தெரியாமல், வெறும் அந்த்வான் என்று.

கொட்டையிலிருந்து குழிவரை

லைவ் ஓக்கைக் கொட்டை போட்டு வளர்ப்பது எளிது, ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் கறுத்துக் கீழே விழும் கொட்டையை உடனே ஊன்றிவிட வேண்டும். வேறு சில ஓக் மரங்களின் கொட்டை ஒரு குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்துதான் முளைக்கும், இது தூங்காது. டப்பாவில் போட்டு வைத்தால் காய்ந்து செத்துவிடும். பொறுக்கியதைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடலாம். பெரும்பாலும் அதற்குள் வண்டின் புழு இருந்திருக்கும்.

முளைத்த கன்றைச் சில மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் ஆணிவேரின் தலைப்பக்கம் சிறு கிழங்குபோலப் பருத்திருப்பது தெரியும். மான் கடித்தாலும் புல்வெளித் தீ மேலே கருக்கினாலும், இந்தச் சேமிப்பிலிருந்து மறுபடி துளிர்ப்பதற்கான ஏற்பாடு. கடற்கரைப் புல்வெளிகளில் தீயோடு வாழ்ந்து பழகிய மரத்தின் புத்தி.

கொட்டைக் கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கூம்பாக ஏறும், இன்னொன்று தரையோடு படுக்கும். சாலையோரத்துக்கு ஒரே அச்சில் மரங்கள் வேண்டுமென்று கேட்கும் நகராட்சிகளுக்காக ஃப்ளோரிடா நாற்றங்கால்கள் தண்டுக் குச்சிகளிலிருந்து வேர்விடச் செய்த ரகங்களைக் கொண்டுவந்தன. 'ஹைரைஸ்' ஒடுக்கமாக ஏறும். 'கதீட்ரல்' நடுத்தண்டு பிளவுபடாமல் சீராகக் கிளை விடும். தெருவோரத்துக்குச் சரி. ஆனால் அகலத்தைக் கழித்துவிட்டு லைவ் ஓக் எதற்கு என்பது என் கட்சி.

நாற்றங்காலில் போய் நிற்கும்போது எல்லாருக்கும் வரும் சபலம், இருப்பதிலேயே பெரிய மரமாகப் பார்த்து வாங்குவது. கை தடிமனுள்ள மரத்தைக் கிரேன் வைத்து இறக்கினால் அன்று மாலையே தெருவில் மதிப்பு. ஆனால் வேரோடு பெயர்த்தெடுத்த மரம் தன் வேர்களில் பெரும்பகுதியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறது. இழந்த வேரை மீட்க, வெப்பமான பகுதிகளில், அடிமரத் தடிமனின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று நான்கு மாதம் ஆகும் என்பது தோட்டக்கலைக்காரர்களின் கணக்கு. நான்கு அங்குல மரம் ஒரு வருடத்துக்கு மேல் திகைத்துப்போய் நிற்கும். அத்தனை நாளும் தண்ணீர் ஊற்றிக் காவல் காக்க வேண்டும். ஓர் அங்குலக் கன்று நான்கே மாதத்தில் ஊன்றிக்கொண்டு ஆண்டுக்கு இரண்டடி என்று கிளம்பிவிடும். சில வருடங்களில் பெரியதை எட்டியும் பிடித்துவிடும். பணமும் மிச்சம்.

அதைவிட முக்கியம், தொட்டியிலிருந்து எடுத்ததும் வேரைப் பார்ப்பது. பிளாஸ்டிக் தொட்டியின் சுவரில் முட்டிய வேர் வெளியே போக வழியில்லாமல் வட்டம் சுற்றத் தொடங்கும். அப்படியே நட்டுவிட்டால் மண்ணுக்குள்ளும் அதே வட்டம்தான். பதினைந்து இருபது வருடம் கழித்து அடிமரம் பருக்கும்போது அந்த வேரே மரத்தின் கழுத்தை இறுக்கும். அல்லது பிடிப்பில்லாத மரம் ஒரு புயலில் தூரோடு சாயும். நட்டவருக்கு அப்போது காரணம் ஞாபகம்கூட இருக்காது. வேரைச் சுற்றியிருக்கும் தாய்மண்ணின் வெளிச்சுற்றைக் கூர்கத்தியால் ஓர் அங்குலம் கனத்துக்குச் சுற்றிலும் சீவிவிட்டு நடுவது நல்லது. பார்க்கக் கொடூரமாக இருக்கும். செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது குழி. நம்மூரில் தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி வெட்டிப் பழகிய கை, இங்கேயும் ஆழமாகத்தான் வெட்டப் பார்க்கும். லைவ் ஓக்குக்குக் குழி அகலமாக இருக்க வேண்டும், ஆழமாக அல்ல. தாய்மண்ணின் உயரமே குழியின் ஆழம்; அகலம் அதன் இரண்டு மூன்று மடங்கு. அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரியும் தூர் இருக்கிறதே, அது வெளியே தெரிய வேண்டும். ஹூஸ்டனின் கறுப்புக் களிமண்ணில் ஓர் அங்குலம் மேடாகவே வைக்கலாம், ஏனென்றால் மழை பெய்தால் அந்த மண் தண்ணீரை விடாது. தெருவில் நடந்துபோகும்போது, தந்திக் கம்பம் ஊன்றியதுபோல அடிமரம் நேராக மண்ணுக்குள் போகும் மரத்தைப் பார்த்தால் ஆழப் புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூடாக்கு விஷயத்தில் இந்தப் புறநகர்களில் ஒரு விநோதப் பழக்கம் பரவிக்கிடக்கிறது. மரச்செதிள்களை அடிமரத்தைச் சுற்றிக் கோபுரமாகக் குவித்து, வருடா வருடம் மேலே மேலே கொட்டுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். உள்ளே பட்டை ஈரத்தில் ஊறி அழுகும், வேர்கள் மேல்நோக்கி ஏறிக் கழுத்தைச் சுற்றும். மூடாக்கு மூன்றங்குலக் கனம் போதும், அடிமரத்தைத் தொடவே கூடாது. அது எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது, காரணம் இளம் கன்றின் தண்ணீரைத் திருடுவதில் புல்தரைதான் முதல் எதிரி. புல்லுக்காக வைத்த தெளிப்பான் தினமும் மேலாக நனைப்பதை நம்பி மரத்தை விடுவதும் சரியல்ல. வேர்க்கட்டு ஊறும்படி ஊற்றி, காய விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். டெக்சாஸில் 2011-இல் வந்த கடும் வறட்சியில் காடுகளில் மட்டும் 30 கோடி மரங்கள் பட்டுப்போயின என்று மாநில வனத்துறை கணக்கிட்டது. நகரங்களில் போனவை தனியாக 56 லட்சம்.

கத்தியும் காற்றும்

வெட்டவெளியில் தானாக வளரும் லைவ் ஓக், இளமையிலேயே நான்கைந்து தண்டுகளாகப் பிரிந்து கிண்ணம்போல விரியும். மேய்ச்சல் நிலத்தில் அது அழகு. வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்துக்கு மேலே, அதே தண்டுகள் கனத்ததும் கவை பிளந்து பாதி மரம் கூரையில் விழும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் நகர மரங்களை ஆராய்ந்த பேராசிரியர் எட்வர்ட் கில்மன், லைவ் ஓக்கின் கவாத்தைப் பற்றிச் சொல்லிவந்த பாடத்தின் சாரம் இதுதான்: நடுத்தண்டு ஒன்றை மட்டும் அரசாள விடு, போட்டிக்கு வரும் தண்டுகளை அடியோடு வெட்டாதே, நுனியைக் குறைத்து அடக்கு, எந்தக் கிளையும் அது முளைத்த இடத்தில் தண்டின் பாதித் தடிமனைத் தாண்டக் கூடாது. நட்ட முதல் இருபத்தைந்து வருடத்துக்குள் சில தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். அதற்குப் பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

நடப்பதோ நேர்மாறு. முதல் பத்து வருடம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு நாள் கதவைத் தட்டும் மரவெட்டி, "உள்ளே காற்றோட்டம் வரட்டும்" என்று சொல்லி, கிளைகளின் உட்பக்கத் தழையையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விட்டுப் போகிறார். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பாரம் முழுக்க நுனிக்குப் போய்விட்டதால் புயலில் முதலில் முறிவது அந்தக் கிளைதான்.

ஒழுங்காக வளர்ந்த லைவ் ஓக்கைக் காற்று சுலபத்தில் அசைக்காது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தொடங்கி 2005 வரை ஃப்ளோரிடாவைத் தாக்கிய புயல்களுக்குப் பின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் தெருத் தெருவாக மரங்களை எண்ணிப் பார்த்தார்கள். நின்று தாக்குப்பிடித்த மரங்களின் முன்வரிசையில் லைவ் ஓக் இருந்தது. வேர் பரவ இடமும், முன்பே கவாத்தும் கிடைத்த மரங்கள் அதிகம் பிழைத்தன என்பதும் அதில் தெரிந்தது. 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளின் மின்சாரத்தைப் பிடுங்கிப்போட்டபோது ஓக் மரங்களும் விழுந்தன. அடுத்த வாரமே பயத்தில் நல்ல மரங்களையும் வெட்டத் தொடங்கினார்கள்.

காற்றைத் தாங்கும் மரம் கடலைத் தாங்காது. 1900-இல் கால்வெஸ்டன் தீவைப் புரட்டிப்போட்ட புயலுக்குப் பிறகு, ஊரையே மண் கொட்டி உயர்த்தி, பெண்கள் சங்கத்தார் முன்நின்று பிராட்வே சாலை நெடுக லைவ் ஓக் நட்டார்கள். 2008-இல் ஐக் புயல் கடலைத் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. உப்புநீர் வேரில் ஊறியதில் தீவு முழுக்கச் சுமார் 40,000 மரங்கள் செத்தன. ஓக் மரங்களும் அதில் ஏராளம். நின்றபடியே பட்டுப்போன சில அடிமரங்களைச் சிற்பிகள் நாரையாகவும் நாயாகவும் தேவதையாகவும் செதுக்கிவிட்டார்கள். இப்போது அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள்.

கிளையில் தொங்கும் நரைத்த தாடியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஸ்பானிஷ் பாசி என்று சொல்லப்பட்டாலும் அது பாசியல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை உறிஞ்சாது, தொற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மெத்தைக்குள் அடைத்தார்கள்.

ஆஸ்டினில் வேறு விதி

குளிர்காலம் முடியும் நேரம்தான் கவாத்துக்குத் தோது என்று பொதுவாகச் சொல்வார்கள். மத்திய டெக்சாஸில், ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் குடியிருப்பவர்கள் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் அங்கே தோப்புத் தோப்பாகக் கொன்றுகொண்டிருக்கிறது. செவ்வோக் வகைகளின் பட்டைக்கடியில் பூஞ்சை படிந்து இனிப்பான மணம் வீசும். அதில் மேய்ந்த சிறு வண்டுகள் பறந்துபோய், வேறோர் ஓக்கின் புதுக் காயத்தில் சாறு குடிக்கும்போது நோயைத் தடவிவிடும். ஆகவே பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கில் கத்தி வைக்காதீர்கள், மற்ற மாதங்களில் வெட்டினாலும் காயத்தின் மேல் உடனே பெயின்ட் பூசிவிடுங்கள் என்கிறது மாநில வனத்துறை. வேறெந்த மரத்துக்கும் காயத்தில் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லும் அதே நிபுணர்கள் இதற்கு மட்டும் விலக்குத் தருகிறார்கள்.

லைவ் ஓக்குக்குப் பெரிய ஆபத்து வண்டுகூட இல்லை, அதன் சொந்தபந்தம். டெக்சாஸில் இந்த மரங்கள் வேரிலிருந்து துளிர்விட்டுக் கூட்டமாக வளர்கின்றன. பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் ஒட்டிக்கொண்டும் விடும். ஒன்றுக்கு வந்த நோய் மண்ணுக்கடியில் ஆண்டுக்கு எழுபது எண்பது அடி என்று அடுத்த வீட்டுக்குப் போகும். இலை நரம்புகள் பழுத்துப் பழுப்பேறினால் அடையாளம். பெரும்பாலும் சில மாதங்களில் மரம் போய்விடும். பூஞ்சைக்கொல்லியை அடிமரத்தில் ஊசிபோல் ஏற்றலாம். நோய் வராத மரத்துக்குப் பலன் அதிகம், வந்த மரத்துக்குக் குறைவு. மரங்களுக்கு நடுவே நாலடி ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுப்பதும் உண்டு. தெருவில் எல்லாரும் ஒரே மரத்தை நட்டால் என்னாகும் என்பதை ஆஸ்டின்காரர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஹூஸ்டனில் இந்நோய் பெரிதாகப் பரவவில்லை. ஆஸ்டின் பக்கமிருந்து விறகு மட்டும் வாங்கி வராதீர்கள்.

ஆஸ்டினிலேயே 1989-இல் ஒருவர், ஐந்நூறு வயது மதிக்கப்பட்ட 'ட்ரீட்டி ஓக்' என்ற ஊர்ப் பெருமைக்குரிய மரத்தின் அடியில் களைக்கொல்லியைக் கொட்டிவிட்டார். நூறு மரங்களைக் கொல்லப் போதுமான அளவு. கோடீஸ்வரர் ராஸ் பெரோ செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று காசோலை கொடுத்தார். நஞ்சேறிய மண்ணைத் தோண்டியெடுத்து மாற்றினார்கள், நிழல்திரை கட்டி ஊற்றுநீர் தெளித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு போய், ஒரு பங்கு மிஞ்சியது. கொட்டியவருக்கு ஒன்பது வருடச் சிறைத்தண்டனை. 1997-இல் மரம் மறுபடி காய்த்தது. அந்தக் கொட்டைகளை முளைக்கவைத்துப் பல ஊர்களுக்குக் கன்று அனுப்பினார்கள்.

இரண்டில் ஒன்று

ஹூஸ்டனில் லைவ் ஓக் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ரைஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பிராட்ஏக்கர்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். 1920-களில் வில்லியம் வார்ட் வாட்கின் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த தெருக்கள். சாலையின் நடுவே செங்கல் பாதையோடு அகலமான திட்டு விட்டு, அதில் ஓக் வரிசைகளை நட்டார்கள். நூறு வருடம் கழித்து, நடுப்பகல் ஆகஸ்டிலும் அந்தப் பாதையில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழுகிறது. அதே மரம்தான் சுகர் லேண்டிலும் நிற்கிறது. ஆனால் இங்கே நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே ஐந்தடிப் பட்டையில், இன்னொரு லைவ் ஓக்குக்கு இருபதடி தள்ளி. வேர் நடைபாதைக் கான்கிரீட்டைத் தூக்குகிறது. குடியிருப்போர் சங்கம் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. அவர் வேரை வெட்டுகிறார். வேர் வெட்டிய பக்கம் மரம் அடுத்த புயலுக்குப் பிடிப்பில்லாமல் நிற்கிறது. மேலே இரண்டு மரமும் ஒன்றையொன்று நெருக்கி, பக்கவாட்டில் போக இடமில்லாமல், கிளைகள் வீட்டுப் பக்கமாகவே வளைந்து ஓட்டைத் தேய்க்கின்றன.

புதிதாக நடுபவருக்கு நான் சொல்வது: சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி, அடுத்த பெரிய மரத்திலிருந்து ஐம்பது அறுபதடி கிடைத்தால் லைவ் ஓக் நடுங்கள். கிடைக்காவிட்டால் நடாதீர்கள். சின்ன வாசலுக்கு யாப்பான் ஹாலி இருக்கிறது, மெக்சிகன் பிளம் இருக்கிறது. இரண்டுமே டெக்சாஸ் மரங்கள், பறவைகளும் வரும்.

ஏற்கெனவே இரண்டு நிற்கும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கசப்பாக இருக்கும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். மரம் பத்துப் பதினைந்து வயதில் இருக்கும்போதே எடுத்தால் செலவு குறைவு, மிஞ்சும் மரத்துக்கும் விட்ட பக்கம் கிளை நிரப்பிக்கொள்ள வயது இருக்கிறது. நாற்பது வயதில் எடுத்தால் ஒருபக்கம் மொட்டையாகவே நிற்கும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், சான்று பெற்ற மர நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டு, தூரைத் தோண்டி வேர் சுற்றியிருக்கிறதா, கவை பிளக்கும் வாகில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பழுது அதிகமுள்ளது போகட்டும். வெட்டுவதற்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மனுவில் நிபுணரின் அறிக்கையோடு, எடுக்கும் மரத்துக்குப் பதில் வைக்கப்போகும் சிறு மரத்தின் பெயரையும் எழுதிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நவம்பரில் கொடுத்தால் பிப்ரவரிக்குள் நட்டும் முடித்துவிடலாம்.